துக்கம் விசாரித்த நாய்க்குட்டி

எங்கள் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்த வாரத்திலேயே என் வீட்டுக்காரர் செத்துப்போனார். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு நொடி ஒரு கணக்கு ஓடும். நாய் வந்தது, ஆள் போனார். இரண்டுக்கும் முடிச்சுப் போடாமல் யாராலும் இருக்க முடிவதில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு வெகுநாளாக நெஞ்சு வலி இருந்தது. வாயுத் தொல்லை என்று சொல்லிக்கொண்டு, இஞ்சி மரப்பா தின்றுகொண்டு, ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் திரிந்தார். நாய்க்குட்டியை விட அவருடைய பிடிவாதத்துக்குத்தான் இதில் பங்கு அதிகம்.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிற குடும்பங்கள் எத்தனையோ. அதில் நாங்களும் ஒன்று. அவரும் அவர் தம்பியும் தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகையை எடுத்துப் பொம்மை செய்தார்கள். பிள்ளையார், குதிரை, உண்டியல், விளக்கேந்திய பெண். அச்சில் ஊற்றி எடுத்த பொம்மைகள் பலகைகளில் அடுக்கி எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வரும். வேலைக்கு வருகிற இரண்டு பெண்களும் நானும் ஈரப் பஞ்சால் விளிம்பைத் துடைத்து, பிசிறு எடுத்து, காயவைத்துத் திருப்பி அனுப்புவோம். அதற்குப் பிறகுதான் சூளை. சுடாத பொம்மை லேசாக இடித்தாலே போச்சு, கையோடு வந்துவிடும். இப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து விடுகிறவரை என்ன சொல்வது?

பொம்மை போதாதென்று ஆட்களும் அதிகம். ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற மாமனார், கல்யாணமாகாத கொழுந்தன், நான்காவது படிக்கிற என் மகள். அடுத்த தெருவில் நாத்தனார். அவள் பிள்ளைகள் காலையில் எங்கள் வாசலில்தான் ஸ்கூல் வேன் ஏறும். சரக்கு எடுக்க ஆட்டோக்காரர்கள், வைக்கோல் கொண்டுவருகிறவர், கரண்ட் ரீடிங் எடுக்கிறவர். காலை நேரத்தில் எங்கள் வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

சூளையின் பின்சுவர் எப்போதும் சூடாக இருக்கும். அங்கே உடைந்த சாமான் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு தெரு நாய் குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றை அவர் பொம்மை அனுப்புகிற அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி உட்காரவைத்துக் கொண்டுவந்தார். காவி நிறம், முன்கால் இரண்டும் வெள்ளை. மகள் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த வீட்டில் நான் அள்ளிக்கொட்டுவது போதாதா, இன்னும் ஒரு உருப்படியா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பெட்டியை என் காலடியில் வைத்தார்.

மறுநாளே மகளையும் குட்டியையும் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டு வந்து, டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி எங்களுக்கு ஒப்பித்தார். இந்த வயதில் குட்டி எதைப் பார்க்கிறதோ அதுதான் உலகம் என்று அதன் மனதில் பதியுமாம். நிறைய ஆட்களைப் பார்க்க வேண்டும், எல்லோரும் தொட்டுத் தூக்க வேண்டும், மிக்ஸி சத்தம், ரயில் சத்தம், ஹெல்மெட், குடை எல்லாம் பழக வேண்டும். இதைத் தவறவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். ஆளுக்கா பஞ்சம் நம் வீட்டில் என்று மாமா சொன்னார். பெயர் என்ன வைக்கலாம் என்று மகள் கேட்டதற்கு, அதன் குணம் தெரியட்டும், பார்த்து வைக்கிறேன் என்று அவர் தள்ளிப்போட்டார். அதனால் அது கடைசிவரை வெறும் குட்டியாகவே இருந்துவிட்டது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வெளியே கிளம்பும்போது கேட்டருகே நின்று "போயிட்டு வரேன்" என்பார். உள்ளேயிருந்து யாராவது "போயிட்டு வாங்க" என்று சொன்னால்தான் வண்டியைக் கிளப்புவார். நான் மிக்ஸி போட்டுக்கொண்டிருந்தால் ஹாரன் அடிப்பார். கை வேலையாக இருக்கும்போது எனக்கு எரிச்சலாக வரும், "போங்க போங்க" என்று கத்துவேன், அதை ஏற்றுக்கொள்ளமாட்டார். மகளையும் அப்படியே பழக்கியிருந்தார். வேனுக்கு ஓடுகிற அவசரத்தில் அவள் சொல்லாமல் போனால், படியில் கால் வைத்தவளைக்கூடத் திரும்ப வரவழைத்துச் சொல்லவைத்துவிட்டுத்தான் அனுப்புவார். வேன் டிரைவர் தலையில் அடித்துக்கொள்வார்.

அன்று காலையும் சொல்லிவிட்டுத்தான் போனார். சூளைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பரணிலிருந்து பெரிய ஜமக்காளத்தை இறக்கி ஹாலில் விரித்தார்கள். நாத்தனார் மாமியார் வீட்டார், ரயில்வேக்காரர்கள், பொம்மை வாங்குகிற கடைக்காரர்கள், தொழிற்பேட்டை ஆட்கள் என்று நாள் முழுக்க வந்துகொண்டே இருந்தார்கள். இழவு வீட்டில் வாங்க என்று யாரும் கூப்பிடுவதில்லை, போகிறவர்களும் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. கேட்டைத் திறந்துகொண்டு பேசாமல் வருவார்கள். ஜமக்காளத்தில் உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் எழுந்து போய்விடுவார்கள். பக்கத்து வீட்டார் டீயும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கலவரத்தில் குட்டிக்குச் சோறு வைக்க யாருக்கும் நினைவில்லை. ஒரு நாள் காலை அவருடைய பெரியம்மா ஒருத்தர் என்னைப் பிடித்துக்கொண்டு ஓங்கி அழுதார். பசியில் கிடந்த குட்டி எங்கிருந்தோ வந்து அவர் மடியில் மோவாயை வைத்து முனகியது. அந்தம்மா அழுகையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார். "வாயில்லாத ஜீவன். எசமான் போனது அதுக்கும் தெரிஞ்சிருக்குது பாரேன்" என்றார். தன் தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்து அதன் வாயில் வைத்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் புதிதாக அழ ஆரம்பித்தார்கள்.

குட்டிக்கு அது போதுமாக இருந்தது. அடுத்து வந்தவர் மடியிலும் போய்த் தலை வைத்தது, அங்கேயும் பிஸ்கட் கிடைத்தது. முனகல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. காரியம் முடிவதற்குள் அது அதில் கைதேர்ந்துவிட்டது. கேட் சத்தம் கேட்டதும் போய் ஜமக்காளத்தில் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நாய் கூட அழுகிறது என்று பேச்சு தெருவெல்லாம் பரவி, அதைப் பார்ப்பதற்காகவே இரண்டாம் முறை வந்தவர்களும் உண்டு. நான் மட்டும் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நாய்க்கு இருக்கிற பாசம் இவளுக்கு இல்லையே என்று யாரோ அடுக்களையில் சொன்னது என் காதில் விழுந்தது. அது அழவில்லை, பிஸ்கட் கேட்கிறது என்று கத்த வேண்டும்போல இருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்தக் குட்டியின் மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

மகளும் அழவில்லை. குட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களையும் போகிறவர்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காரியத்துக்குப் பிறகு ஜமக்காளத்தைத் துவைத்துப் பரணில் போட்டோம். கொழுந்தன் கொட்டகையைப் பார்த்துக்கொண்டான். பலகைகள் மறுபடி பின்கட்டுக்கு வர ஆரம்பித்தன. நானும் பஞ்சைக் கையில் எடுத்தேன். எல்லோரும் நல்லபடியாக நகர்ந்துவிட்டோம் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் காலையில் வேன் ஹாரன் அடித்ததும் மகள் பையை மாட்டிக்கொண்டு பேசாமல் இறங்கிப் போனாள். கொழுந்தனும் அப்படித்தான் போனான். மாமா கடைத்தெருவுக்குப் போனால் செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை யார் முதலில் எடுப்பது என்று எல்லோருக்கும் பயம். எனக்கும் பயம்தான்.

குட்டிக்கு வேறு சிக்கல். அழுதுகொண்டு வருகிறவர்கள்தான் மனிதர்கள் என்று அது முடிவு கட்டியிருந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் போனில் சிரித்துப் பேசிக்கொண்டே உள்ளே வந்தால் ஓடிப்போய் மாமாவின் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும். டி.வி.யில் காமெடி ஓடினாலும் அதே கதி. பின்கட்டில் வேலை செய்கிற பெண்கள் ஏதாவது சொல்லிச் சிரித்தால் பயந்து ஓடி, பலகையை இடித்து, ஒரு வரிசைக் குதிரைகளைத் தள்ளிவிடும். அந்தப் பெண்கள் அதற்குப் பயந்து சிரிப்பதையே விட்டுவிட்டார்கள். எங்கள் பின்கட்டு அவ்வளவு அமைதியாக அதற்கு முன் இருந்ததில்லை.

அடுத்த ஊசிக்கு நான்தான் குட்டியைத் தூக்கிக்கொண்டு மகளோடு போக வேண்டியிருந்தது. விஷயத்தை டாக்டரம்மாவிடம் சொன்னேன். பழக்குகிற நாள் கடந்துவிட்டது, ஆனாலும் முயற்சி செய்யலாம் என்றார். "சந்தோஷமா பேசிச் சிரிச்சுக்கிட்டு வர்ற ஆளுங்களா பாத்து வூட்டுக்கு வரச் சொல்லுங்க. கொஞ்சம் கொஞ்சமா பழகிடும்."

நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டுக்கு யார் சிரித்துக்கொண்டு வருவார்கள்? தெருமுனைவரை சிரித்துப் பேசி வருகிறவர்கள்கூட எங்கள் கேட்டில் கை வைத்ததும் முகத்தை மாற்றிக்கொள்வார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

டாக்டரம்மா சொன்னதை மகள் காதில் வாங்கியிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் சிலரைக் கூட்டிவந்து ஹாலில் வரிசையாக நிற்கவைத்து, சிரிக்கச் சொன்னாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஹஹ்ஹா என்று சிரித்தார்கள். குட்டி கட்டிலுக்கடியிலிருந்து வரவேயில்லை. இன்னும் சத்தமாகச் சிரிக்கச் சொன்னாள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழுததும் குட்டி வாலைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து அவள் மடியில் தலையை வைத்தது. மகள் யாரையும் பார்க்காமல் பின்கட்டுக்குப் போய்விட்டாள். நான் அந்தப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குதிரை கொடுத்து அனுப்பினேன். அன்றைக்குத்தான் குட்டியின் மேல் இருந்த வெறுப்பு எனக்குப் போனது. ஒன்றும் தெரியாத வயதில் எங்கள் வீட்டுக்கு வந்து எங்கள் துக்கத்தையே உலகம் என்று படித்துவிட்டது, அது என்ன செய்யும்?

மாமாவுக்கும் அதன்மேல் பிரியம் உண்டு, காட்டிக்கொள்ளமாட்டார். காலையில் தன் தட்டிலிருந்து அரை இட்லியை யாரும் பார்க்காதபோது கீழே போடுவார். மகளோ முழுக்க அதனோடுதான் பேசினாள். எங்களிடம் பேசுவது ஆமாம், இல்லை, பசிக்குது, அவ்வளவுதான். அப்பா கடைசியாகக் கொடுத்தது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா?

வருஷம் திரும்புவதற்குள் வீட்டில் ஒரு நல்லது நடக்க வேண்டும் என்று நாத்தனார் பிடித்த பிடியில் நின்றாள். கொழுந்தனுக்கு நல்லூர் பக்கம் ஒரு பெண் பார்த்து, ஜாதகமும் பொருந்திவிட்டது. பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்று காலையே நாத்தனார் வந்து வீட்டைக் கழுவிவிட்டு, ஏணி போட்டு ஏறிப் பரணிலிருந்து ஜமக்காளத்தை இறக்கி ஹாலில் விரித்தாள். எங்கள் வீட்டில் அத்தனை பேர் உட்காருகிற மாதிரி அந்த ஒரு ஜமக்காளம்தான் உண்டு. நல்லதுக்கும் அதுதான், கெட்டதுக்கும் அதுதான்.

என்னிடம் வந்து, கண்ணைப் பார்க்காமல், "அண்ணி, நீங்க உள்ளயே இருந்து பஜ்ஜியப் பாத்துக்கங்க" என்றாள். புரிந்தது. பஜ்ஜிக்கு நான் ஆவேன், ஹாலுக்கு ஆகமாட்டேன். சண்டை போடுகிற தெம்பு அன்று இல்லை. கொழுந்தன் அதைக் கேட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான்தான் சும்மா இருக்கச் சொன்னேன். குட்டியைப் பின்கட்டில் துணி துவைக்கிற கல் பக்கத்தில் கட்டினோம். மகள் அதற்குக் காவல். ஆக நாங்கள் மூன்று பேரும் பின்பக்கம்.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். தட்டு நிறையப் பழமும் பூவும் கொண்டுவந்தார்கள். பெண்ணின் அம்மா வாய்விட்டுச் சிரித்துப் பேசுகிறவர் என்று அடுக்களையில் இருந்தபடியே தெரிந்தது. எவ்வளவு நாளாயிற்று அந்த ஹாலில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு. எனக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மகளுக்குப் பசி. கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டே பஜ்ஜி கேட்டு அடுக்களைக்குள் வந்தாள். அதே நேரம் நாத்தனார் தட்டு வாங்க ஹால் பக்கத்துக் கதவைத் திறந்தாள். குட்டி ஜமக்காளத்தைப் பார்த்துவிட்டது, மகள் கையிலிருந்து கயிறு நழுவியது. அது ஓடவில்லை, குரைக்கவில்லை. தன் வேலை வந்துவிட்டது என்பதுபோல நிதானமாக நடந்து போய், பெண்ணின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மடியில் மோவாயை வைத்து முனகியது. அவர் எதிரிலேயே தட்டில் பிஸ்கட் இருந்தது. அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? கையை உயரத் தூக்கிக்கொண்டு "என்னா இது" என்று பின்னால் நகர்ந்தார். பிஸ்கட் வரவில்லையே என்று குட்டி குரலைக் கூட்டியது. கடைசியில் முகத்தை மேலே தூக்கி நீளமாக ஊளையிட்டது.

சம்பந்தம் பேச வந்த வீட்டில் நாய் ஊளையிட்டால் என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகள் ஓடிப்போய்த் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அதன் வாயில் திணித்தாள். உடனே நிறுத்திவிட்டது. "அதுக்கு பிஸ்கட்டுதான் வேணும், வேற ஒண்ணும் இல்ல" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

அவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். நாத்தனார் கேட்வரை பின்னாலேயே போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. "சொல்லிக்காமயே போறாங்க, பாத்தீங்களாப்பா" என்று மாமாவிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை.

ஒரு வாரம் போனது. பிறகு ஒரு நாள் மத்தியானம், நான் பின்கட்டில் தனியாக இருந்தபோது மாமா வந்து முக்காலியில் உட்கார்ந்தார். குட்டியும் அவர் பின்னாலேயே வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது. நாத்தனார் ஏற்றிவிட்டு அனுப்பியிருப்பாள் என்று நினைத்து, பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். நாய் வந்த நேரம் என்று ஆரம்பித்தால் உங்கள் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகாத நேரம் என்று சொல்லிவிடுவது என்று. அவர் அதையெல்லாம் சொல்லவே இல்லை.

"இது மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும்மா" என்றார். கையால் அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஆனா எனக்கு மிச்சம் இருக்கற பையன் சின்னவன் ஒருத்தன்தான். அது ஊளை வுடும்போதெல்லாம் எனக்கு ஈரக்கொல நடுங்குது."

நான் பஞ்சைக் கீழே வைத்தேன். பிள்ளையைப் பறிகொடுத்த மனிதரிடம் என்ன சட்டம் பேசுவது? ஸ்ரீமுஷ்ணத்தில் என் அக்கா இருக்கிறாள், வயல் வீடு, ஆடு மாடெல்லாம் உண்டு, அங்கே விட்டுவிடலாம் என்று சொன்னேன். அவர் எழுந்து போகும்போது முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு போனார்.

மகளிடம் சொன்னபோது அவள் அழவும் இல்லை, அடம்பிடிக்கவும் இல்லை. எப்போ என்று மட்டும் கேட்டாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் தன் லோடு ஆட்டோவில் எங்களை ஏற்றிப்போனான். குட்டி வந்த மாதிரியே வைக்கோல் போட்ட அட்டைப்பெட்டியில் போனது, ஆனால் உடம்பு வளர்ந்து பாதி வெளியே தொங்கியது. வழியில் கொழுந்தன், தனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம் என்றும் திரும்பிவிடலாமா என்றும் கேட்டான். அவன் நல்லவன், அதனால்தான் நான் திரும்பவில்லை.

அக்கா வீடு கலகலப்பான வீடு. அவளுடைய பையன்கள் இருவரும் எதற்கெடுத்தாலும் சிரிப்பார்கள். அந்தச் சத்தத்தில் குட்டி ஆட்டோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதை இழுத்து வேப்பமரத்தில் கட்டிவிட்டுக் கிளம்பும்போது எனக்குத் தாளவில்லை. குனிந்து அதன் தலையைப் பிடித்துக்கொண்டு "போயிட்டு வரேன்" என்றேன். அவர் போனபின் அந்த வார்த்தையை நான் முதன்முதலாகச் சொன்னது அந்த நாயிடம்தான்.

பின்னாலிருந்து மகள் சொன்னாள். "சொல்லாதம்மா. சொன்னா வரணும்."

"வருவோம்."

"அப்பாவும் சொல்லிட்டுத்தான் போனாங்க."

அத்தனை மாதத்தில் அப்பா என்கிற சொல் அவள் வாயிலிருந்து வந்தது அன்றுதான். நான் அவளை அணைக்கப் போனேன். அவள் விலகிப் போய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

சொல்லிவிட்டேன் அல்லவா, அதனால் போனேன். முடிந்த ஞாயிறுகளில் மகளைக் கூட்டிக்கொண்டு, ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸைப் பிடித்து, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு. சொன்னால் வருவார்கள் என்பதை அவளுக்கு நிரூபித்தே தீருவது என்று எனக்கு ஒரு வைராக்கியம். நாங்கள் களத்துக்குள் நுழைந்ததும் குட்டி எங்களைப் பார்த்து நிற்கும். பிறகு மெல்ல நடந்துவந்து என் மடியில் தலையை வைத்து முனகும். "உன்ன நெனச்சு ஏங்குதுடி" என்பாள் அக்கா. நான் உருகிப்போய் ஒன்றுக்கு இரண்டாகப் பிஸ்கட் கொடுப்பேன். மகள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள்.

கார்த்திகைக்கு முன்பு ஒரு முறை போனபோது, பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போய்ச் சேர்ந்தபோது வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்து நின்றுகொண்டிருந்தாள். என்னையும் கையைக் காட்டி நிறுத்தினாள். களத்தில் அக்கா பையன்கள் பந்து எறிந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்கக் குட்டி சுற்றிச் சுற்றி ஓடியது. பந்தைக் கவ்விக்கொண்டு கொடுக்காமல் போக்குக் காட்டியது. ஆட்டுக்குட்டி ஒன்றைத் துரத்தி, தானே அதற்குப் பயந்து திரும்பி ஓடிவந்தது. அது என் நாய்தானா என்று முன்கால் இரண்டையும் உற்றுப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தன.

மகள் போர் மறைவிலிருந்து வெளியே வந்தாள். குட்டி பந்தைக் கீழே போட்டது. வால் தாழ்ந்தது. மெல்ல நடந்துவந்து அவள் காலடியில் உட்கார்ந்து முனக ஆரம்பித்தது.

"நாம வந்தாதாம்மா அது அழுவுது" என்றாள்.

அந்த நாய்க்கு உலகம் முழுவதும் சரியாகிவிட்டது. அதற்குத் துக்க வீடு என்று மிச்சம் இருந்தது நாங்கள் இருவர் மட்டும்தான்.

அவள் என் பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, பிரிக்காமல் அக்கா பையன்களிடம் கொடுத்தாள். அது ஓடி விளையாடும்போது மட்டும் ஒவ்வொன்றாகக் கொடுக்கச் சொன்னாள். அக்கா வற்புறுத்திச் சாப்பிடவைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் மகள் கையைக் கழுவிக்கொண்டு, வேப்பமரத்தடியில் படுத்திருந்த குட்டியைத் தாண்டி, அதைத் தொடாமல், ஒரு வார்த்தை சொல்லாமல் ரோட்டுக்குப் போய்விட்டாள். ஏன் அவள் பாட்டுக்குப் போகிறாள், சொல்லிக்கொண்டு போகக்கூடாதா என்று அக்காவுக்கு வருத்தம். நான் அக்காவிடம் சொல்லிக்கொண்டேன். நாயிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள் கொஞ்ச தூரம் போனதும் அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டு, மூக்கொழுக, விக்கி விக்கி அழுதாள். குட்டிக்காக ஆரம்பித்த அழுகை வழியிலேயே அப்பா அப்பா என்று மாறியது. அவளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் எங்களைத் தாண்டிப் போய்விட்டுப் பிறகு வந்தார். ஜமக்காளத்தில் உட்கார்ந்து வராத அழுகையெல்லாம் அந்த டவுன் பஸ்ஸில் வந்து தொலைத்தது.

அதற்குப் பிறகு நாங்கள் குட்டியைப் பார்க்கப் போகவில்லை. அக்கா போனில் சொல்வதோடு சரி. கொழுந்தனுக்கு வேறு இடத்தில் பெண் அமைந்து, வருஷாப்தி கழிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்திருக்கிறது. அவர்கள் வந்தபோதும் அதே ஜமக்காளத்தைத்தான் விரித்தோம். மாமா இப்போதும் காலையில் அரை இட்லியைத் தட்டில் மிச்சம் வைத்துவிடுகிறார். கழுவப் போடும்போது நான் அதைக் காக்கைக்கு வைக்கிறேன்.

அப்படிப் பஸ்ஸில் அழுதுகொண்டு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த மறுநாள் திங்கட்கிழமை. நான் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். வேன் ஹாரன் அடித்தது. நாத்தனார் பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். எதற்கு இவ்வளவு நேரம் நிற்கிறது என்று மிக்ஸியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன். மகள் கேட்டருகே வீண் சண்டைக்கு நிற்கிறவள்போல நின்றுகொண்டிருந்தாள். வீங்கிய கண்ணோடு என்னையே பார்த்தாள்.

"போயிட்டு வரேம்மா."

வேன் டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் அசையவில்லை, அவள் அப்பாவைப் போலவே பதிலுக்கு நின்றாள்.

"போயிட்டு வா" என்றேன்.

அதற்குப் பிறகுதான் ஏறினாள். அன்று பலகையில் இருந்த பொம்மைகளில் பாதிக்கு மேல் என் கையால் உடைந்தன. சாயங்காலம் வேன் திரும்பி வருகிற நேரத்துக்கு வெகு முன்பே போய்க் கேட்டருகே நின்றுகொண்டேன்.